உளவியலாளர் ஆக என்ன படிக்கணும்? திருநெல்வேலிப் பக்கம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். பாதி பேர் சொந்தக்காரர்கள், மீதி பேர் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தவர்கள். நான் பாளையங்கோட்டையில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன், தமிழில் மருத்துவ உளவியலாளர். ஒரே பதிலை முப்பது பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் எல்லாம் என்னிடம் நிஜமாகவே கேட்கப்பட்டவை, கேட்ட தோரணையிலேயே.

சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட், கவுன்சிலர் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் டாக்டர். நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். முடித்து, அப்புறம் 3 வருஷம் எம்.டி. மனநல மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்தவர். சோதனைகள் செய்வார், பேச்சு வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார், எழுதவும் கூடாது. கவுன்சிலர் என்ற பெயரை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்கிறார்கள். நன்றாகப் படித்துவிட்டு அருமையாக வேலை செய்யும் கவுன்சிலர்களும் இருக்கிறார்கள், இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். போர்டைப் பார்த்து இரண்டு பேரையும் பிரித்தறிய முடியாது.

'பதிவு பெற்ற' என்கிறீர்களே, எங்கே பதிவு?

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கான பதிவேடு ஆர்.சி.ஐ.யிடம், அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலிடம் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த கவுன்சில். அது அங்கீகரித்த படிப்பை, அங்கீகரித்த இடத்தில் முடித்தால் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் உங்கள் பெயரும் ஒரு எண்ணும் ஏறும். அந்தப் பதிவு காலம் முழுக்கச் செல்லாது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பயிலரங்குகளுக்குப் போய் புள்ளிகள் சேர்க்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே சந்தேகம்தான்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' யார் என்று வரையறுக்கும்போது இந்த ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாலும், மனவளர்ச்சி குறைந்த ஒரு பிள்ளைக்கு நுண்ணறிவுச் சோதனை செய்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டாலும், முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

இதற்கு வெளியே இருக்கும் மற்ற உளவியலாளர்களுக்கு 2021இல் வேறொரு சட்டம் வந்திருக்கிறது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அது. அதன் பட்டியலில் உளவியலாளரும் இருக்கிறார், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மட்டும் ஆர்.சி.ஐ.யிலேயே இருக்கட்டும் என்று விலக்கியிருக்கிறார்கள். ஆக, 'சைக்காலஜி படிக்கணும்' என்று சொல்லும்போதே எந்தக் கதவு வழியாக உள்ளே போகப்போகிறோம் என்று யோசித்துவிட வேண்டும்.

பிளஸ் டூவில் என்ன குரூப் எடுக்கணும்?

பெரும்பாலான கல்லூரிகளில் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. உளவியலுக்கு எந்த குரூப்பும் ஓகே. உயிரியல் படித்திருந்தால் மூளை, நரம்பு பற்றிய பாடங்கள் கொஞ்சம் சுலபமாக இருக்கும். கணக்கு பிடிக்காது என்பதற்காக இங்கே வருபவர்களுக்கு ஒரு செய்தி: புள்ளியியல் உங்களை முதல் வருஷத்திலிருந்து கடைசிவரை விடாது.

மொத்தம் எத்தனை வருஷம்?

இதுவரை நடந்துவந்த பாதை இது. உளவியலில் இளங்கலை 3 வருஷம். முதுகலை 2 வருஷம். அதில் குறைந்தது 55 சதவீதம் எடுத்து (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), நுழைவுத் தேர்வு எழுதி, நேர்காணல் முடித்து, 2 வருஷ எம்.ஃபில். மருத்துவ உளவியல். ஆக 7 வருஷம். நான் வந்த வழி இதுதான், நடுவில் ஒரு வருஷம் சீட் கிடைக்காமல் சும்மா இருந்ததைச் சேர்த்தால் 8.

அந்தச் சும்மா இருந்த வருஷம் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். முதுகலை முடித்து வெளியே வருபவர்கள் ஆயிரக்கணக்கில், பயிற்சி இடங்களோ ஒவ்வொரு நிறுவனத்திலும் கைவிரல் விட்டு எண்ணும் அளவில். எத்தனை மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்களோ அதற்குத் தக்கபடிதான் மாணவர்களைச் சேர்க்க முடியும். முதல் முயற்சியில் கிடைக்காவிட்டால் உங்களுக்கு மூளை இல்லை என்று அர்த்தம் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, "என்னட்டி, இன்னும் வீட்லதான் இருக்கியா?" என்று தினமும் வாசலில் நின்று கேட்பாள். அதையும் தாங்கணும்.

எம்.ஃபில்லையே நிறுத்திட்டாங்களாமே?

பாதி சரி. யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022இல் கொண்டுவந்த விதிகளில் எம்.ஃபில். பட்டமே நீக்கப்பட்டது. மருத்துவ உளவியலும் மனநல சமூகப்பணியும் அதில் மாட்டிக்கொண்டதால், 2024 ஜனவரியில் அந்த இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை செல்லும் என்று நீட்டித்தார்கள். ஏற்கனவே முடித்தவர்களின் பட்டத்துக்கும் பதிவுக்கும் ஒன்றும் ஆகாது.

இப்போது பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் எம்.ஃபில்லை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆர்.சி.ஐ. புதிய பாடத்திட்டங்களைக் கொண்டுவந்திருக்கிறது: நான்கு வருஷ பி.எஸ்சி. ஹானர்ஸ் மருத்துவ உளவியல், இரண்டு வருஷ எம்.ஏ. மருத்துவ உளவியல், இவற்றுக்கு மேலே சை.டி. என்ற முனைவர் நிலைப் படிப்பு. பெயரில் 'கிளினிக்கல்' இருக்கிறது என்பதற்காக எல்லா எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜியும் இதில் சேராது, பல கல்லூரிகள் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இல்லாமலே அந்தப் பெயரில் நடத்துகின்றன. பணம் கட்டுவதற்கு முன்னால் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் மூன்றைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, அந்தப் படிப்பின் பெயர் அதே எழுத்துகளில் இருக்கிறதா, நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கிறதா. மூன்றாவதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதோடு, அந்தப் படிப்பை முடித்தால் பதிவேட்டில் எந்தப் பிரிவில் பெயர் ஏறும் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பி ஊர் திரும்ப வேண்டாம்.

தபால் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி படிச்சா போதாதா? வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கலாமே.

2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. மேலே சொன்ன 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தடை. இன்னமும் 'வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.

ஆறு மாச டிப்ளமோ ஒண்ணு இருக்கு, முடிச்சதும் 'கன்சல்டன்ட் சைக்காலஜிஸ்ட்' போட்டுக்கலாம்னு சொல்றாங்க...

போட்டுக்கொள்ளக் கூடாது. இதில் நானே ஏமாந்தவள் என்பதால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். அந்தச் சும்மா இருந்த வருஷத்தில் வெளியூர் ஆசாமிகள் இங்கே ஒரு ஹோட்டல் ஹாலில் வார இறுதி வகுப்பு நடத்தினார்கள். அப்பா பி.எஃப். பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு நாள் கையெழுத்தைப் பார்த்து குணம் சொல்வது எப்படி, ஒரு நாள் ஆழ்மன சக்தி, மத்தியானம் சாப்பாடு நன்றாக இருந்தது. கடைசியில் தங்க முத்திரை ஒட்டி, லேமினேட் செய்து ஒரு சான்றிதழ். எம்.ஃபில். நேர்காணலில் அதை ஃபைலில் வைத்திருந்தேன். பேராசிரியர் ஒருவர் அதை எடுத்துப் பார்த்தார், முத்திரையை நகத்தால் லேசாகச் சுரண்டினார், ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

திருநெல்வேலியிலேயே படிக்க முடியாதா?

இளங்கலைக்கு பாளையங்கோட்டை, நெல்லைக் கல்லூரிகளின் சேர்க்கை அறிவிப்பை வருஷா வருஷம் பாருங்கள், புதுசு புதுசாகத் துறைகள் வருகின்றன. உள்ளூரில் உளவியல் கிடைக்கவில்லை என்று வேறு பாடத்தில் சேர்ந்துவிட்டு முதுகலையில் மாறலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டத்தையும் ஏற்கும், சில ஏற்காது. கிளினிக்கல் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இளங்கலையிலிருந்தே உளவியல் படிப்பதுதான் பாதுகாப்பு.

முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், கோவையில் பாரதியார், அப்புறம் நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, அதை நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை: திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை. சென்னைக்கு ராத்திரி முழுக்க நெல்லை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து போகிற ஊரில் இருந்துகொண்டு, நாகர்கோவில் தாண்டினால் வரும் ஊரை விட்டுவிடுகிறோம். பயிற்சிக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல மருத்துவ நிறுவனம், கோழிக்கோட்டின் இம்ஹான்ஸ், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் நீப்மெட் எல்லாம் பெயர் பெற்றவை. இவை இப்போது எந்தெந்தப் படிப்பை நடத்துகின்றன என்பது மாறிக்கொண்டே இருக்கும் காலம் இது, விண்ணப்பிக்கும் வருஷத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் அப்படி என்னதான் செய்வீங்க?

வகுப்பு கொஞ்சம், வார்டு நிறைய. காலையில் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் தனித்தனியாக வரலாறு கேட்டு எழுத வேண்டும். பிறப்பு, குழந்தைப் பருவம், பள்ளி, வேலை, கல்யாணம், குடி, தூக்கம் எல்லாம். எழுதியதை மேற்பார்வையாளர் முன்னால் சொல்ல வேண்டும், அவர் "இதை ஏன் கேட்கல?" என்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் 2 வருஷமும். எங்கள் காலத்தில் முதல் வருஷம் 5 முழு நோயறி அறிக்கைகள், இரண்டாம் வருஷம் 5 சிகிச்சைப் பதிவுகள், ஆய்வேடு ஒன்று, கூடவே எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும்.

சோதனைகளைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று, ஒரு பிள்ளையை முன்னால் உட்கார வைத்துச் செய்வது வேறொன்று. செகுவின் ஃபார்ம் போர்டு என்று ஒரு மரப்பலகை உண்டு. அதில் 10 வடிவக் குழிகள், அவற்றுக்குப் பொருந்தும் 10 மரத்துண்டுகள். மூன்று தடவை அடுக்கச் சொல்லி, மூன்றில் எது குறைந்த நேரமோ அதை எடுத்துக்கொள்வோம். நான் முதன்முதலில் தனியாகச் செய்தபோது வந்தது களக்காட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன். இரண்டு தடவை கடகடவென்று அடுக்கினான். மூன்றாவது தடவை ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது, நட்சத்திரத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இத நான் வச்சிக்கிடட்டா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நேரத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். மேற்பார்வையாளர் அன்றைக்கு என்னைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். நேரத்துக்காக இல்லை. அவன் கேட்டதை நான் அறிக்கையில் எழுதவில்லை என்பதற்காக. ஒரு பிள்ளை அந்நியரிடம் தயக்கமில்லாமல் பேசுகிறான், பொருளில் ஆசைப்படுகிறான், எடுத்துக்கொள்ளாமல் அனுமதி கேட்கிறான் என்பதெல்லாம் எத்தனை நொடி என்பதைவிட அதிகம் சொல்கிறது என்றார்.

நான் தமிழ் மீடியம். முடியுமா?

முடியும். பாடப்புத்தகம், தேர்வு, நேர்காணல் எல்லாம் ஆங்கிலம்தான், அதை மறைத்து என்ன பயன். இளங்கலையின் முதல் வருஷம் கஷ்டமாக இருக்கும், அகராதியும் கையுமாக இருப்பீர்கள். இரண்டாம் வருஷத்தில் பழகிவிடும்.

ஆனால் வேலை என்று உட்கார்ந்த பிறகு உங்கள் தமிழ்தான் சோறு போடும். நம் பக்கம் யாரும் 'டிப்ரஷன்' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "மேலுக்கு முடியல" என்பார்கள், "கிறக்கமா வருது" என்பார்கள், "நெஞ்சு திக்கு திக்குனு அடிக்கி" என்பார்கள். 'சடவு' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு பாட்டி "ரொம்ப சடவா இருக்கு தாயி" என்றால் உடம்பு அசந்து போயிருக்கலாம். "மகன்கூட சடவு" என்றால் மனத்தாங்கல், பேச்சுவார்த்தை இல்லை. எதிலும் பிடிப்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் அதே வார்த்தைதான். சென்னையில் வளர்ந்த என் தோழி இதை ஒரே அர்த்தத்தில் 'களைப்பு' என்று எழுதிவிட்டுப் போனாள். பாட்டி மகனோடு பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது, அது இரண்டாவது சந்திப்பில்தான் வெளியே வந்தது. கேள்வித்தாளை அச்சுத் தமிழில் வாசித்துக் காட்டினால் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதை நம் பேச்சில், அர்த்தம் மாறாமல் கேட்கத் தெரிந்த ஆள் இங்கே வேண்டும்.

கோயில் கொடையில் குறி கேட்டுவிட்டு, பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு, கையில் கயிறோடுதான் பலர் வருவார்கள். கயிறை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று கேளுங்கள், பாதி வரலாறு அதிலேயே கிடைக்கும்.

செலவு? சம்பளம்?

மத்திய அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு, சிலவற்றில் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. தனியார் பல்கலைக்கழகங்களில் லட்சக்கணக்கில் போகும். வேலையில் சேர்ந்த புதிதில், உங்களோடு படித்து ஐ.டி.க்குப் போனவனின் சம்பளத்தை விசாரிக்காமல் இருந்தால் நிம்மதி. ஆஸ்பத்திரி, சிறப்புப் பள்ளி, மாவட்ட மனநலத் திட்டம், கல்லூரி ஆசிரியர் வேலை (இதற்கு நெட் தேர்வோ பிஎச்.டி.யோ வேண்டும்), சொந்தமாக அறை போடுவது என்று வழிகள் இருக்கின்றன. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கவுன்சிலர் இருக்க வேண்டும் என்பது விதி, அங்கேயும் இடம் உண்டு.

எனக்கு 34 வயசு, டீச்சரா இருக்கேன். இப்ப மாறலாமா?

வயசு தடையில்லை, முழுநேரப் படிப்பு என்பதுதான் பிரச்சினை. வேலையை விட முடியாவிட்டால் இன்னொன்றை யோசியுங்கள். ஆர்.சி.ஐ. பதிவேட்டில் சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் என்று வேறு பிரிவுகளும் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கின்றன, இந்த ஊருக்கு அந்த வேலை புதுசு இல்லை. பி.எட். சிறப்புக் கல்வி முடித்த ஒரு ஆசிரியை, எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளையிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நடக்கும் மாற்றம் என் அறையில் நடப்பதைவிடப் பெரியது. நான் அடக்கத்துக்குச் சொல்லவில்லை.

இங்கே படிச்சிட்டு ஆஸ்திரேலியா, லண்டன் போகலாமா?

நேரடியாகப் போர்டு மாட்ட முடியாது. ஆஸ்திரேலியாவில் 'சைக்காலஜிஸ்ட்' என்ற சொல்லே சட்டப் பாதுகாப்பு பெற்றது, அங்கே உள்ள உளவியல் வாரியத்தில் பதிவு வேண்டும். 5 வருஷப் படிப்பும் 1 வருஷ மேற்பார்வைப் பயிற்சியும் ஒரு பாதை. முன்பிருந்த 4 வருஷப் படிப்பு, 2 வருஷப் பயிற்சி என்ற பாதையை 2022 ஜூனோடு புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு, கிளினிக்கல் என்றால் அங்கே முனைவர் நிலைப் படிப்பு. நம் பட்டங்களை அவர்கள் எடைபோட்டுப் பார்த்துத்தான் சொல்வார்கள். அதனால் பாடத்திட்டம், பயிற்சி மணி நேரக் கணக்கு, மேற்பார்வையாளர் கையெழுத்து எல்லாவற்றையும் படிக்கும்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், பத்து வருஷம் கழித்துக் கல்லூரிக்குப் போய்த் தேடாதீர்கள்.

பொம்பளப் பிள்ளை 25 வயசு வரை படிச்சா கல்யாணம் எப்போ?

அதை அவளிடம் கேளுங்கள்.

நம்ம ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இங்க இந்தத் தொழில் ஓடுமா?

ஓடுகிறது. என் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வருகிறவர்கள் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டே படியேறுவதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன், யாராவது பார்த்தால் ஜெராக்ஸ் எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாமே. கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டால் அவர்களாகச் சிரிக்கும்வரை எனக்கு அவர்களைத் தெரியாது. ரகசியம் காப்பது 2017 சட்டத்திலேயே நோயாளியின் உரிமையாக இருக்கிறது, சின்ன ஊரில் அது சட்டத்தைவிடப் பெரிய விஷயம். மாமியார் வந்து "மருமக என்ன சொன்னா?" என்று கேட்பார், ஐந்து கிலோ பொன்னி அரிசியோடு கேட்பார், அப்போதும் சொல்லக் கூடாது. அரிசியையும் வாங்கக் கூடாது.

நானே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டவன். இதைப் படிக்கலாமா?

இதை நேரில் கேட்க முடியாமல் ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் அனுப்புகிறவர்கள் நிறைய. படிக்கலாம். எங்கள் பேட்ச்சிலேயே அப்படி இருந்தார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். தன் பிரச்சினையைத் தானே படித்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் வராதீர்கள். சிகிச்சையை அது பாட்டுக்குத் தொடருங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். நாள் முழுக்க மற்றவர் துயரத்தைக் கேட்கும்போது நம்முடையது கிளறப்படும், அது யாருக்கும் நடக்கும், அப்போது மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு ராத்திரியே தாங்க முடியவில்லை என்றால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். காலேஜ் அப்ளிகேஷனை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.